உங்க வீட்ல நடந்திருந்தா?

2008 செப்டம்பரில், அண்ணா நூற்றாண்டையொட்டித் தமிழ்நாட்டுச் சிறைகளிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆயுள் கைதிகளை விடுவித்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் ஊர்க்காரர். என் தாய்மாமாவை வெட்டிக் கொன்றவர்.

கொலை நடந்தது 1998இல். கோடையில் எங்கள் பக்கம் வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவார்கள். முறை தவறியது என்று ஒரு ராத்திரி பேச்சு வளர்ந்தது. அவர் வீட்டுக்குப் போய் அரிவாளை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். எனக்கு அப்போது ஏழு வயது. செஷன்ஸ் கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. "தூக்குல போட்ருக்கணும்" என்று அம்மாச்சி அதன்பின் பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்தாள். கோபமாகச் சொல்ல மாட்டாள். உலையில் அரிசி போடும்போது, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும்போது, மழை வருமா என்று கேட்பதைப்போலச் சொல்லுவாள்.

அவர் விடுதலையாகி ஒரு மாதம் இருக்கும். அம்மாச்சி ஆண்டிபட்டியில் டவுன் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பும் நேரத்தில் அவர் ஏறியிருக்கிறார். அம்மாச்சியைப் பார்த்ததும் வைத்த காலை எடுத்து அப்படியே இறங்கிவிட்டார். அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான். அம்மாச்சி வீட்டுக்கு வந்து கூடையை இறக்கி வைத்துவிட்டு அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்: "நரைச்சுப்போச்சுடி அவனுக்கு."

அடுத்த வருஷம் மதுரையில் சட்டம் படிக்கப் போனேன். மூன்றாம் ஆண்டில் மூட் கோர்ட் போட்டிக்கு மரண தண்டனையைத் தலைப்பாகக் கொடுத்தார்கள். குலுக்கலில் எனக்கு 'எதிர்' தரப்பு வந்தது. நன்றாகத் தயாரித்திருந்தேன். பச்சன் சிங் தீர்ப்பு, 'அரிதினும் அரிதான வழக்கு' என்ற அளவுகோல் எவ்வளவு வழவழப்பானது, ஏழைகளுக்கே தூக்கு ஏன் விழுகிறது, எல்லாம். எதிர்த்தரப்புப் பையன் எதையும் மறுக்கவில்லை. கடைசியில் ஒரே கேள்வி கேட்டான். "உங்க வீட்ல நடந்திருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

வகுப்பே கைதட்டியது. எங்க வீட்லதான் நடந்துச்சு என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொன்னால் ஜெயித்துவிடுவேன் என்று தெரிந்தது. அது மாமாவை விற்ற மாதிரி இருக்கும் என்றும் பட்டது. இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: சொல்லியிருந்தால், அதற்கடுத்த வாக்கியமாக என்ன சொல்வது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

நூலகத்தில் ஒரு சீனியர் அக்கா எனக்கு ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். ரொபேர் பதேந்தேர். ஆங்கிலத்தில் தேடுகிறவர்கள் பாடின்டர் என்று படிப்பார்கள். பிரான்ஸ் நாட்டு வக்கீல், பிறகு அமைச்சர். "அவர் வீட்ல நடந்துச்சு. படிச்சுப் பாரு" என்றார்.

*

பதேந்தேர் 1928இல் பாரிஸில் பிறந்தார். அப்பா சிமோன், இன்றைய மால்டோவாவின் பெரும்பகுதியான பெஸ்ஸராபியாவிலிருந்து வந்த யூதர். தோல் ஆடை, ரோம ஆடை வியாபாரம். மகன் பிறந்த அதே வருஷம் பிரெஞ்சுக் குடியுரிமை கிடைத்தது. புரட்சி செய்து மனித உரிமைகளை எழுதிவைத்த நாடு தன்னைப் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது என்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. ஜெர்மானியர்கள் பாரிஸைப் பிடித்தபின் குடும்பம் தெற்கே லியோனுக்கு வந்தது.

1943 பிப்ரவரி 9. லியோனில் செயின்ட் கேதரின் தெருவில் யூதர்களுக்கு உதவும் அமைப்பொன்றின் அலுவலகம் இருந்தது. அன்றைக்கு கெஸ்டபோ ஆட்கள் உள்ளே புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். உதவி கேட்டு வந்தவர்கள், உதவி செய்ய வந்தவர்கள், படியேறிவந்த ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்தார்கள். 86 பேர். சிமோன் அவர்களில் ஒருவர். சாயங்காலமாகியும் அப்பா வரவில்லை என்று பதினான்கு வயது ரொபேர் தேடிப் போனான். அந்தக் கட்டிடத்தின் படியில் ஏறினான். ஜெர்மானியர்கள் இருப்பதை உணர்ந்ததும் திரும்பி ஓடினான். ஓடியதால் பிழைத்தான். அப்பாவை திரான்சி முகாமுக்கு அனுப்பி, அங்கிருந்து மார்ச்சில் போலந்தின் சோபிபோருக்கு ரயிலேற்றினார்கள். சோபிபோர் வேலை முகாம் அல்ல. கொல்வதற்காகவே கட்டிய இடம்.

அந்தச் சோதனைக்கு உத்தரவிட்டவர் லியோன் கெஸ்டபோவின் க்ளாவுஸ் பார்பி. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும்.

அம்மாவும் இரண்டு மகன்களும் சவோய் மலைப்பகுதியில் கொன்யேன் என்ற ஊரில் பொய்ப் பெயரில் ஒளிந்திருந்து போர் முடியும்வரை பிழைத்தார்கள். ஊருக்குத் தெரியும், யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. அதன்பிறகு படிப்பு, 1951இல் வக்கீல் அங்கி. அவரை ஏழைப் பங்காளர் என்று கற்பனை செய்துகொள்ள வேண்டாம். கம்பெனிகளுக்கும் பதிப்பகங்களுக்கும் வாதாடிய, வசதியான, நன்றாக உடுத்துகிற பாரிஸ் வக்கீல். சட்டப் பேராசிரியரும்கூட. மரண தண்டனை கூடாது என்பது அவருடைய கருத்துதான். ஆனால் அது நம்மில் பலருக்கு இருப்பதைப்போல ஒரு கருத்து, அவ்வளவே. யாராவது கேட்டால் சொல்வோம், அந்த மாதிரி.

*

1971 செப்டம்பரில் க்ளெர்வோ சிறையில் இரண்டு கைதிகள் ஒரு நர்ஸையும் ஒரு காவலரையும் பணயமாகப் பிடித்தார்கள். சிறைக்குள் போலீஸ் புகுந்தபோது இருவரும் கழுத்தறுபட்டுக் கிடந்தார்கள். ஒருவன் க்ளோத் புஃபே, இன்னொருவன் ரோஜே போந்தெம். போந்தெமுக்கு பதேந்தேர் வக்கீல்.

1972 ஜூனில் த்ருவா என்ற ஊரில் விசாரணை. போந்தெம் கொல்லவில்லை, கத்தியை இழுத்தவன் புஃபே என்று பதேந்தேர் வாதாடினார். ஜூரி அதை ஏற்றுக்கொண்டது! போந்தெம் கொலை செய்யவில்லை என்றே தீர்ப்பில் பதிவாகியிருக்கிறது. பிறகு, உடந்தை என்பதற்காக அவனுக்கும் மரண தண்டனை கொடுத்தது. நீதிமன்றத்துக்கு வெளியே கூட்டம் இருவரையும் கொல்லச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தது.

ஜனாதிபதி பொம்பிது கருணை மனுவை நிராகரித்தார். நவம்பர் 28 விடியுமுன் பாரிஸின் சாந்தே சிறை முற்றத்தில் கில்லட்டினை நிறுத்தியிருந்தார்கள். பிரெஞ்சு வழக்கப்படி வக்கீலும் உடனிருக்க வேண்டும். பதேந்தேர் இருந்தார். போந்தெமோடு அந்த வழியில் கடைசிவரை நடந்தார். அடுத்த வருஷமே அந்த வழக்கைப் பற்றி 'மரண தண்டனை நிறைவேற்றம்' என்று பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் எழுதினார்.

வக்கீல் தொழிலில் ஒரு வசதி இருக்கிறது. தோற்றால், கட்சிக்காரர் தோற்றார் என்று சொல்லிக்கொள்ளலாம். சாயங்காலம் அங்கியைக் கழற்றி மாட்டிவிட்டு வாய்தா டைரியில் நாளைய பக்கத்தைப் புரட்டலாம். நானும் இரண்டரை வருஷம் ஜூனியராக இருந்தவள், அந்த வசதி தெரியும். அது இல்லாவிட்டால் யாரும் இந்தத் தொழிலில் நீடிக்க முடியாது. பதேந்தேருக்கு அன்றைக்கு அந்த வசதி போய்விட்டது. கொலை செய்யாதவன் என்று சட்டமே சொன்ன ஒருவனை அதே சட்டம் வெட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டார். அதுவரை கருத்தாக இருந்தது அதன்பின் வேலையாகிவிட்டது.

*

இதுவரை சுலபம். கொலை செய்யாத போந்தெமுக்காக யாரும் வருந்தலாம். மரண தண்டனையை எதிர்க்கிறவர்கள் எப்போதும் இந்த மாதிரி வழக்குகளையே எடுத்துக்காட்டுகிறோம். மூட் கோர்ட்டில் நானும் அதைத்தான் செய்தேன்.

1976 ஜனவரியில், அதே த்ருவா ஊரில், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைப் பள்ளி வாசலிலிருந்து கடத்திப் பணம் கேட்டார்கள். கடத்தியவன் பத்ரிக் ஆன்ரி, இருபத்திரண்டு வயது, பையனின் குடும்பத்துக்குத் தெரிந்தவன். போலீஸ் ஒருமுறை பிடித்து விசாரித்துவிட்டு விட்டது. வெளியே வந்து தொலைக்காட்சிக் கேமராவுக்கு முன்னால் நின்று, இப்படிச் செய்தவனுக்கு மரண தண்டனைதான் கொடுக்க வேண்டும் என்று சொன்னான். பிப்ரவரியில் அவன் வாடகைக்கு எடுத்திருந்த அறையில், கட்டிலுக்கடியில், குழந்தையின் உடல் கிடைத்தது. பிரான்ஸ் பயந்துபோயிருக்கிறது என்று சொல்லி அன்றைய ராத்திரிச் செய்தி தொடங்கியது. நீதித்துறை அமைச்சரும் உள்துறை அமைச்சரும் விசாரணை தொடங்குமுன்பே மரண தண்டனை வேண்டும் என்றார்கள். நீதித்துறை அமைச்சர்!

வக்கீல்கள் யாரும் வழக்கைத் தொடவில்லை. கடைசியில் ரொபேர் பொக்கியோன் என்ற வக்கீல் சங்கத் தலைவர் எடுத்துக்கொண்டு பதேந்தேரைத் துணைக்குக் கூப்பிட்டார். அதே ஊர், அதே நீதிமன்றம். பதேந்தேர் போனார்.

இந்த முறை வாதாட ஒன்றுமில்லை. கொன்றவன் அவன்தான், அவனே ஒப்புக்கொண்டான். இளகும் மனசு அவனுக்கு இருந்ததாகவும் யாருக்கும் தெரியவில்லை. எனவே பதேந்தேர் ஆன்ரிக்காக வாதாடவில்லை, தண்டனையையே கூண்டில் ஏற்றினார். ஒன்பது பொதுமக்களும் மூன்று நீதிபதிகளும் அடங்கிய ஜூரியிடம், உயிரோடிருக்கும் ஒரு மனிதனை இரண்டாக வெட்டுவதுதான் உங்களிடம் கேட்கப்படுகிறது, வேறு பெயர் வைத்து மறைக்காதீர்கள் என்ற பொருளில் பேசினார். ஒருநாள் இந்தத் தண்டனை ஒழியும், அப்போது இந்தத் தீர்ப்போடு நீங்கள் தனியாக இருப்பீர்கள் என்றும் சொன்னார். 1977 ஜனவரி 20 அன்று ஆயுள் தண்டனை என்று தீர்ப்பு வந்தது. கில்லட்டின் வேண்டாம் என்று ஜூரி மறுத்துவிட்டதை நாடு நம்பவில்லை. பதேந்தேருக்குக் கடிதங்களாக வந்து குவிந்தன, அவற்றில் வாழ்த்து குறைவு.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. 1972இல் போந்தெமையும் புஃபேயையும் கொல்லச் சொல்லி நீதிமன்றத்துக்கு வெளியே கத்திய கூட்டத்தில் ஓர் இளைஞனாக இதே பத்ரிக் ஆன்ரியும் நின்றிருந்தான். பதேந்தேர் இதைப் பின்னாளில் பாராளுமன்றத்தில் சொன்னார். மரண தண்டனை இருந்தால் பயம் இருக்கும் என்கிறவர்களுக்கு இதைவிடக் கூரான பதிலை நான் படித்ததில்லை. அவன் கண்ணெதிரில்தான் பயத்தைக் காட்டினார்கள். அவன் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்து கத்தினான், நான்கு வருஷம் கழித்துக் கடத்தினான்.

*

1981 மார்ச்சில் தேர்தல் பிரசாரத்தின் நடுவே தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் மித்தரான், பெரும்பான்மை வேறு மாதிரி நினைத்தாலும் என் மனசாட்சிப்படி நான் மரண தண்டனைக்கு எதிரானவன் என்று அறிவித்தார். மே மாதம் ஜெயித்தார். ஜூனில் பதேந்தேர் நீதித்துறை அமைச்சரானார். செப்டம்பர் 17 அன்று தேசிய மன்றத்தில் மசோதாவை முன்வைத்துப் பேசினார். 363 பேர் ஆதரவு, 117 பேர் எதிர்ப்பு. எதிர்க்கட்சியிலிருந்து ஷிராக் உட்படச் சிலர் ஆதரித்து வாக்களித்தார்கள். வலதுசாரிகள் நிறைந்த செனட் தோற்கடிக்கும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அங்கும் 160க்கு 126. அக்டோபர் 9 அன்று சட்டமானது. அந்த வாரங்களில் எடுத்த கருத்துக்கணிப்பில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் மரண தண்டனை வேண்டும் என்றார்கள்.

இந்த இடத்தில் நான் ரொம்ப நாள் தடுக்கி நின்றேன். ஜனநாயகம் என்று சொல்லிக்கொண்டு பெரும்பான்மை கேட்காத ஒன்றை, வேண்டாம் என்று சொன்ன ஒன்றைச் செய்வதற்கு ஓர் அமைச்சருக்கு யார் உரிமை கொடுத்தது? பதேந்தேரின் பதில்: மித்தரான் மறைக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் ஓட்டுக் கேட்டார், தெரிந்தே மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். நல்ல வக்கீல் பதில். ஆனால் பாதிப் பதில். நாம் ஓட்டுப் போடுவது மளிகைச் சாமான் பட்டியலில் ஒவ்வொன்றாக டிக் அடிப்பது மாதிரி இல்லையே. விலைவாசிக்காக மித்தரானுக்குப் போட்டவர் கில்லட்டினுக்கும் சேர்த்துப் போட்டார் என்று எப்படிச் சொல்வது?

நம் நாட்டில் இதே வேலையைப் பாராளுமன்றத்தின் பக்கம் போகாமல் நீதிமன்றத்தில் செய்து பார்த்தார் வி.ஆர். கிருஷ்ணய்யர். அவரும் வக்கீல், 1957 கேரள அமைச்சரவையில் சட்டமும் சிறைகளும் அவர் பொறுப்பிலிருந்தன, பிறகு உச்ச நீதிமன்றம். 1979இல் ராஜேந்திர பிரசாத் வழக்கில், சமூகத்தின் பாதுகாப்புக்கே ஆபத்து என்கிற நிலையில் தவிர தூக்கு கூடாது என்கிற அளவுக்கு வாசலைக் குறுக்கினார். அடுத்த வருஷம் பச்சன் சிங் வழக்கில் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர் அந்த வாசலை மறுபடி திறந்துவிட்டார்கள். நீதிபதி எழுதியதை இன்னொரு நீதிபதி அழிக்கலாம். பதேந்தேர் செய்ததை அழிக்க வேண்டுமென்றால் யாராவது மன்றத்தில் எழுந்து நின்று, கில்லட்டினைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று தன் வாயால் கேட்டு ஓட்டு வாங்க வேண்டும். கேட்டவர்கள் உண்டு, வாங்கியவர் இல்லை. 2007இல் பிரான்ஸ் அதை அரசியல் சாசனத்திலேயே எழுதிப் பூட்டியது.

எனக்கு இப்போது தோன்றுவது இதுதான். அறையில் இருக்கும் எல்லோரும் ஒரு பக்கம் இருக்கும்போது ஒருவர் மட்டும் எழுந்து மறுபக்கம் நிற்பது, கூண்டில் நிற்பவனைப் பிடிக்கும் என்பதற்காக இல்லாமல் அப்படி ஒருவர் நின்றே ஆக வேண்டும் என்பதற்காக நிற்பது, இதுதான் வக்கீல் வேலை. பதேந்தேர் அந்தப் பழக்கத்தை அமைச்சரவைக்குள் கொண்டுபோனார். இது ஆபத்தான பழக்கம்தான். சட்ட அறிவு மட்டும் இருந்து மற்றது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1975இல் இந்திரா காந்திக்கு நெருக்கடி நிலை யோசனை சொன்ன சித்தார்த்த சங்கர் ராயைப் பாருங்கள், அவரும் தேர்ந்த வக்கீல்தான். ஆனால் ஒரு வித்தியாசம். ராய் அரசாங்கத்தின் கையில் அதிகாரத்தைக் கூட்டிக் கொடுத்தார். பதேந்தேர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்தே, இது எங்கள் கையில் இருக்கக் கூடாது என்று ஓர் அதிகாரத்தைக் கழற்றி வைத்தார். பெரும்பான்மையை மீறும் அமைச்சரை அளக்க இப்போதைக்கு என்னிடமிருப்பது இந்த ஒரு படிதான்.

அவரைப் பூசை போடும் எண்ணமில்லை. என்னால் விழுங்க முடியாத ஒன்றும் இருக்கிறது. மித்தரான். 1956–57இல் அல்ஜீரியப் போரின்போது இதே மித்தரான்தான் நீதித்துறை அமைச்சர். அவர் காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட அல்ஜீரியர்களின் தலை விழுந்தது. பெர்னான் இவ்தோன் வைத்த குண்டு வெடிக்கவே இல்லை, ஒருவரும் சாகவில்லை, அவருக்கும் கருணை வேண்டாம் என்றார் மித்தரான். அதே மனிதரின் பேனாவால் கில்லட்டினை ஒழித்தார் பதேந்தேர், கடைசிவரை அவருக்கு விசுவாசமாகவும் இருந்தார். இதை மனம் மாறிய கதை என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. கையில் ரத்தமுள்ள ஒருவரின் பேனாவை வாங்கி நல்ல சட்டம் எழுதலாமா? எழுதாமல் விட்டிருந்தால், அந்த அக்டோபரில் சிறையில் காத்திருந்தவர்களிடம் போய் என் கை சுத்தம் என்று சொல்லியிருக்க முடியுமா? இதற்குமேல் எனக்கு ஓடவில்லை.

அமைச்சராக அவர் வெறுக்கப்பட்ட அளவுக்கு அங்கே அதிகம் பேர் வெறுக்கப்பட்டதில்லை. கொலைகாரர்களின் நண்பன் என்று பெயர். 1983 ஜூனில், பாரிஸில் இரண்டு போலீஸ்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபின், போலீஸ்காரர்களே ஊர்வலமாக அவர் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்று கத்தினார்கள். பிரான்சில் சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு இழப்பீடு சீக்கிரம் கிடைப்பதற்கு வழிசெய்யும் 1985ஆம் வருஷச் சட்டத்தை இன்றும் 'பதேந்தேர் சட்டம்' என்றே சொல்கிறார்கள் என்பதை அந்தக் கூச்சல்களோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

*

இப்போது பார்பிக்கு வருகிறேன்.

போருக்குப்பின் பார்பி தப்பிவிட்டார். அமெரிக்க உளவுத்துறை அவரைக் கொஞ்ச காலம் பயன்படுத்திக்கொண்டு பொலிவியாவுக்குத் தப்ப வைத்தது. 1952இலும் 1954இலும் பிரெஞ்சு நீதிமன்றங்கள் அவர் இல்லாமலே மரண தண்டனை விதித்தன. அவர் லா பாஸில் வேறு பெயரில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். 1983 பிப்ரவரியில் பொலிவியாவின் புது அரசாங்கம் அவரைப் பிடித்து பிரான்சிடம் கொடுத்தது. அவரை லியோனில் மோன்லுக் சிறைக்குக் கொண்டுபோய் வைத்தார்கள். நாற்பது வருஷத்துக்கு முன் அவர் மற்றவர்களை அடைத்துவைத்த அதே சிறை. சில நாள் அங்கே வைத்திருக்கச் சொன்னது நீதித்துறை அமைச்சர்.

அப்பா படியேறிப் போன அந்தப் பிப்ரவரிக்கும் இந்தப் பிப்ரவரிக்கும் சரியாக நாற்பது வருஷம். தேடிப் போய் ஓடிவந்த பையன் இப்போது அமைச்சர். தேடப்பட்டவர் அவருடைய சிறையில். பதினாறு மாதங்களுக்கு முன்புவரை இந்த நாட்டில் கில்லட்டின் சட்டப்படி இருந்தது. அதை எடுத்ததே இவர்தான்.

'உங்க வீட்ல நடந்திருந்தா?' என்று கேட்கிறவர்கள், வீட்டில் நடந்தவருக்குக் கையில் அதிகாரம் கிடைத்தால் என்ன செய்வார் என்று தெரியும் என்ற நிச்சயத்தோடு கேட்கிறார்கள். இங்கே ஒருவருக்குக் கிடைத்தது. மோன்லுக்கில் அடைக்கச் சொன்னதில் ஒரு மகனின் கோபம் இல்லை என்று நான் நம்பவில்லை. இருந்திருக்கும், இருக்க வேண்டும். அந்தச் சில நாட்கள்தான் அவர் தனக்கென்று எடுத்துக்கொண்டது என்று நினைக்கிறேன். மீதி முழுவதையும் விசாரணைக்குக் கொடுத்தார். முக்கியமான விசாரணைகளை வரலாற்றுக்காகப் படம்பிடித்து வைக்க 1985இல் சட்டம் கொண்டுவந்தார். அதன்படி முதலில் பதிவானது பார்பி விசாரணை. 1987இல் அது நடந்தபோது பதேந்தேர் அமைச்சராக இல்லை, அரசியல் சாசன மன்றத்தின் தலைவர். பார்பிக்கு ஜாக் வெர்ஜெஸ் என்ற வாய்த்துடுக்கான வக்கீல் இருந்தார். குற்றச்சாட்டுகளில் இசியு என்ற ஊரிலிருந்து பிடித்துச்சென்ற 44 குழந்தைகள் இருந்தார்கள். செயின்ட் கேதரின் தெருவின் 86 பேரும் இருந்தார்கள். ஜூலையில் ஆயுள் தண்டனை. பார்பி 1991இல் சிறையில் புற்றுநோயில் இறந்தார். வருத்தம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

1981 செப்டம்பர் உரையை மறுபடி மறுபடி படித்திருக்கிறேன். பாதிக்கப்பட்டவர்களின் துயரத்தை, அவர்கள் பெயரால் பேசுகிற பலரைவிட என் வாழ்க்கையில் நான் அறிவேன் என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. அவ்வளவுதான். அப்பா என்ற சொல் வெளியே வரவில்லை. எனக்கு நடந்தது, நானே மன்னிக்கிறேன், உங்களுக்கென்ன என்று சொல்லியிருந்தால் மன்றமே அழுதிருக்கும். ஆனால் அடுத்த நாள் இன்னொரு மகன் வந்து, எனக்கும் நடந்தது, நான் மன்னிக்கவில்லை, வெட்டுங்கள் என்றால் அதற்கும் அதே எடை கொடுக்க வேண்டியிருக்கும். துயரத்தை வாதமாக வைத்துவிட்டால் பிறகு யாருடைய துயரம் பெரியது என்று எடைபோடுவதுதான் மிச்சம். 2019 டிசம்பரில் ஹைதராபாத்துக்கு வெளியே நான்கு பேரை விடியற்காலையில் போலீஸ் சுட்டுக் கொன்றதும் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பூங்கொத்துகளாக வந்து விழுந்தன. அனுப்பியவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் அந்தப் பெண்ணைத் தங்கள் வீட்டுப் பெண்ணாக நினைத்தார்கள். அப்படி நினைத்ததால்தான், சுட்டது சரியான ஆட்களைத்தானா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கொல்லும் நோக்கத்தோடே போலீஸ் சுட்டது என்று 2022இல் விசாரணைக் கமிஷன் சொன்னபோது அந்தக் குழுவில் ஒரு சத்தமும் இல்லை.

சரி, காப்பாற்றப்பட்டவர்கள் திருந்தினார்களா? பத்ரிக் ஆன்ரி சிறையில் படித்தான். 2001இல் விடுதலையானான். மறு வருஷம் ஸ்பெயினில் கஞ்சாவோடு பிடிபட்டு மறுபடி உள்ளே போனான். 2017இல் நோயாளியாக வெளியே வந்து சில மாதங்களில் செத்தான். இதைப் பார்த்தீர்களா என்று எழுதினார்கள். எனக்கு அதில் அதிர்ச்சி எதுவுமில்லை. அவன் திருந்துவான் என்பதற்காக அவன் கழுத்தை விட்டுவைக்கவில்லை. திருந்துவான் என்று பந்தயம் கட்டியிருந்தால், பார்பியிடம் தோற்றிருப்போம்.

*

2024 பிப்ரவரி 9 அன்று பதேந்தேர் இறந்தார். தேதியைக் கவனியுங்கள். 2025 அக்டோபர் 9 அன்று, சட்டம் வந்து 44 வருஷம் நிறைந்த நாளில், அவரைப் பாந்தேயோனுக்குள் கொண்டுபோனார்கள். அன்று காலை பாஞ்யோவில் அவருடைய கல்லறையில் யாரோ கிறுக்கி வைத்திருந்தார்கள்.

இறந்த செய்தி வந்தபோது நான் ஊரில் இருந்தேன். அம்மாச்சிக்கு எண்பத்துமூன்று வயது, காது கொஞ்சம் மந்தம். திண்ணையில் கொண்டைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். கேட்காமலே கதையைச் சொல்லத் தொடங்கினேன். வெளிநாட்டில் ஒரு வக்கீல், அவர் அப்பாவைப் பிடித்துக்கொண்டுபோய்க் கொன்றவன், நாற்பது வருஷம் கழித்து அகப்பட்டது, அப்போது வக்கீல்தான் மந்திரி, தூக்கு வேண்டாம் என்று அதற்கு முன்னாடியே சட்டம் போட்டிருந்தார். சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது, தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அம்மாச்சி முறத்தைத் தட்டினாள். "அப்பறம்?"

"அப்பறம் ஜெயில்லயே செத்துப்போயிட்டான் ஆச்சி."

"வெளிய விடலையா?"

"விடல."

கொஞ்ச நேரம் கடலையைப் பொறுக்கினாள். மாமாவைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று காத்திருந்தேன். பஸ்ஸிலிருந்து இறங்கிப் போனவர் அப்போது உயிரோடு இல்லை, இரண்டு வருஷத்துக்கு முன் மாரடைப்பில் போய்விட்டார். அவர் சாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை. அன்றைக்கு அம்மாச்சி அடுப்பு மூட்டவில்லை என்று அம்மா சொல்லியிருந்தாள். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

"ஏன் தாயி" என்றாள் அம்மாச்சி. "பிடிச்சுக் கொண்டாந்தப்ப, அந்தாளுக்கு நரைச்சிருந்துச்சா?"

"அறுபத்தொம்போது வயசு ஆச்சி. நரைச்சு, வழுக்கையும் விழுந்துருச்சு."

"ம்" என்று சொல்லிவிட்டு முறத்தை என் பக்கம் தள்ளினாள், கல் பொறுக்கச் சொல்லி.